இன்மையை அறியும் அளவை: பழைய டிரெய்லரின் துருவும் விற்பவரின் மௌனமும்

ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதை அறிவது எளிது. அது அங்கே இல்லை என்பது எவ்வாறு அறியப்படுகிறது என்னும் வினாவோ இந்தியத் தருக்க மரபில் பல நூற்றாண்டுகள் வாதிடப்பட்டது. அறிவு பிறப்பதற்குரிய வழிகளைத் தமிழ் நூல்கள் அளவை என்றும் வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும் வழங்கின. தரையில் குடம் இருப்பதைக் கண் காட்டுகிறது என்பதில் வாதிகளுக்குள் பெரிய பிணக்கு இல்லை. குடம் இல்லை என்பதைக் காட்டுவது எது என்று கேட்டவுடன் அவர்கள் பிரிந்துவிட்டனர்: மீமாம்சகராகிய குமாரிலர் அதற்கு அபாவம் என்னும் தனி அளவையே வேண்டும் என்றார், அதே மரபைச் சேர்ந்த பிரபாகரர் அதை மறுத்தார், நையாயிகர் அதைக் காட்சியிலேயே அடக்கினர், பௌத்தராகிய தருமகீர்த்தி கருதலில், அதாவது அனுமானத்தில், சேர்த்தார். ஏட்டுச் சண்டையாகத் தோன்றும் இந்த வாதம், பழைய வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தைக் குனிந்து பார்த்துவிட்டு ‘துரு இல்லை’ என்று சொல்லிப் பணத்தை எண்ணுபவருடைய கைக்குள் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை இந்த வினாவை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்திருக்க, தெற்கே எண்ணூரின் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும், கிழக்கே, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காடும் இருக்கின்றன. சரக்குப் பெட்டகமும் இரும்புச் சுருளும் ஏற்றிய டிரெய்லர்கள் உப்புக் காற்றிலேயே ஓடி, உப்புக் காற்றிலேயே நிறுத்தப்பட்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்து முதுமையடைகின்றன. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளும் இப்பகுதியிலேயே இருப்பதால், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் இரண்டு விலைகள் உண்டு: ஓடும் வண்டிக்குரியது ஒன்று, எடைபோட்டுக் காயலானாகக் கொடுத்தால் கிடைப்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொகை முழுவதும் பெரும்பாலும் சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் உறுதியாக இருக்கிறதா என்னும் ஒரே கேள்வியைப் பொறுத்தது.

குதிரை ஏற்றும் டிரெய்லர் இந்தச் சந்தையில் அரிய பொருள். கிண்டியின் பந்தயக் குதிரைகள் கோடைப் பருவத்தில் ஊட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழக்கம் இருந்தமையால் அத்தகைய வண்டிகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல என்றாலும், கும்மிடிப்பூண்டிச் சாலையில் காணப்படுபவை சரக்கு டிரெய்லர்களே. ஆயினும் மறைந்த துருவைப் பற்றி எண்ணுவதற்குக் குதிரை வண்டியே சிறந்த எடுத்துக்காட்டாகும். நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ எடையுள்ள உயிர் ஒன்று அதன் தளத்தின்மேல் நின்று, கால் மாற்றி, சிறுநீர் கழிக்கிறது. அந்நீர் ரப்பர் விரிப்பின் ஓரங்களில் இறங்கி, மரப்பலகைகளின் இடுக்கில் தங்கி, பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தை, தொழிலாளர் மொழியில் கிராஸ் மெம்பரின் மேல்பக்கத்தை, நனைத்துக்கொண்டே இருக்கிறது. வாங்க வந்தவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது கீழ்முகத்தை. அரிப்பு நடப்பது மேல்முகத்தில்.

சதுரக் குழாய்களால் கட்டப்பட்ட சட்டத்தில் சிக்கல் மேலும் ஆழமாகிறது. வெல்டிங்கில் விடுபட்ட சிறு துளையினூடாக ஈரக் காற்று உள்ளே நுழைந்து, இரவில் குளிர்ந்து, நீராகிப் படிகிறது. வெளிப்புறத்தில் படியும் உப்பை மழை கழுவிவிடுகிறது. குழாயின் உட்புறத்தைக் கழுவ எதுவும் இல்லாமையால் அங்கே உப்பு ஆண்டுதோறும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதோடு அரிப்பையும் விரைவுபடுத்துகிறது. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வது ஆகையால், இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட இடத்தில் அது வளர்ந்து தகடுகளையே பிரித்து வளைத்துவிடும். குழாயின் உள்ளே வளரும் துருவுக்கோ இடப் பஞ்சம் இல்லை, எனவே வெளிச்சுவர் காகிதமளவுக்கு மெலியும்வரை அது எந்த அடையாளத்தையும் காட்டாமல் இருக்கக்கூடும்.

இத்தகைய பொருளை அறிவதற்குரிய தருக்கம் இந்த மாவட்டத்துக்கு அடுத்துள்ள காஞ்சிபுரத்தோடு தொடர்புடையது என்பது கவனத்துக்குரியது. பௌத்தத் தருக்கத்தின் முதலாசிரியராகிய திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறுகிறது. மணிமேகலைக் காப்பியத்திலும் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகளை விளக்கும் இடம் காஞ்சியே. அக்காப்பியத்தின் 27ஆம் காதையில் வைதிக அளவைவாதி கருதலை மூன்றாக வகுக்கிறான்: காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென உணர்வது பொது, ஆற்று வெள்ளத்தைக் கண்டு அதன் தலைப்பகுதியில் மழை பெய்ததென அறிவது எச்சம், அதாவது விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்வது, கருமேகத்தைக் கண்டு மழை வருமெனக் கூறுவது முதல், அதாவது காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்வது. 29ஆம் காதையில் அறவண அடிகள் இவற்றுள் பிழைபடக்கூடியவை உண்டென்று சுட்டி, புகையால் நெருப்பை அறிவதுபோல விளைவால் காரணத்தை அறியும் கருதலே பிழையாதது என்கிறார்.

இந்த வகுப்பை டிரெய்லருக்குப் பொருத்தினால் சந்தையில் நடக்கும் தவறுகளின் வடிவம் தெளிவாகிறது. ‘பத்து ஆண்டு எண்ணூரில் ஓடிய வண்டி, அடியில் துருப் பிடித்துத்தான் இருக்கும்’ என்பது மேகத்தைக் கண்டு மழை கூறுவது. துத்தநாகப் பூச்சுப் பெற்ற சட்டமோ, ஒவ்வொரு நடைக்குப் பின்னும் நன்னீரால் கழுவிய உரிமையாளரோ குறுக்கிட்டால் அது பொய்த்துப்போகும். வெல்டிங் கோட்டின் கீழே பழுப்பு நீர் வழிந்து காய்ந்த தடத்தைக் கண்டு உள்ளே துரு உண்டென்று கூறுவது வெள்ளத்தைக் கண்டு மழையை அறிவது. பெயின்ட் கொப்பளித்திருப்பது, சுத்தியலால் தட்டும்போது ஓரிடத்தில் கணீரென்றும் மற்றோரிடத்தில் மந்தமாகவும் ஒலிப்பது, ஸ்க்ரூ டிரைவர் முனை அழுத்தியவுடன் உள்ளே இறங்குவது ஆகியனவும் இவ்வகையினவே. அனுபவமுள்ள மெக்கானிக்கின் கை தேடுவது இத்தகைய விளைவுகளைத்தான். எந்த ஊரில் ஓடியது என்று அவர் கேட்பதும் முடிவு கூறுவதற்கு அன்று, எங்கே தட்டவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே.

இங்கேயே பேச்சு முடிந்திருந்தால் தருமகீர்த்தி தேவைப்பட்டிருக்கமாட்டார். தடம் இருந்தால் துரு உண்டு என்பது சரி. தடம் இல்லையென்றால் துரு இல்லை என்று சொல்லலாமா? நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லை; புகையற்ற தணல் இருப்பதால், புகை இல்லாத இடத்திலெல்லாம் நெருப்பு இல்லையென்று கூறுவதற்கு இடமில்லை. தருமகீர்த்தி இந்த இடத்தில் வகுத்த கட்டுப்பாடு மிகவும் கூர்மையானது. காணாமை இன்மையை நிறுவும். ஆனால் அப்பொருள் அங்கே இருந்திருப்பின் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் நிலையில் மட்டுமே நிறுவும். குடம் காணத்தக்கது, ஒளி உண்டு, கண் பழுதற்றது, எனவே காணப்படாத குடம் இல்லாத குடமாகும். பேயோ இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாதது எனப்படுவதால், காணவில்லை என்பதைக் கொண்டு அது இல்லையென்று சாதிக்க முடியாது. அங்கே எஞ்சுவது ஐயம் மட்டுமே. ‘காணத்தக்கதைக் காணாமை’ என்னும் இந்த அடைமொழியை வாங்குபவர் பலர் விட்டுவிடுகின்றனர். சதுரக் குழாயின் உட்சுவரிலுள்ள துரு வெறுங்கண்ணுக்குப் பேயின் நிலையிலேயே இருக்கிறது.

கருவிகளின் பயனும் இதனால் வேறு முறையில் விளங்குகிறது. தளப்பலகை ஒன்றைக் கழற்றுவது, வடிகால் துளையின் வழியே சிறு கேமராவை நுழைப்பது, தடிப்பை மீயொலியால் அளப்பது ஆகிய ஒவ்வொன்றும் காணத்தகாததைக் காணத்தக்கதாக மாற்றும் செயலாகும்; அவை துருவைக் கண்டுபிடிக்காதபோதுகூட அறிவைத் தருகின்றன, ஏனெனில் அப்போதுதான் காணாமை என்பது அளவையின் தகுதியைப் பெறுகிறது. ஆயினும் மீயொலிக் கருவி தொட்ட புள்ளியின் தடிப்பை மட்டுமே கூறும். ஒரு சாண் தள்ளி இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. காந்தம் மெலிந்த தகட்டிலும் ஒட்டும்; பட்டி எனப்படும் பூச்சு மாவு தடிமனாக இருக்கும் இடத்தில் மட்டுமே அது தளரும். பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்குவது எந்த அளவையிலும் சேராது. ஆனால் எஞ்சிய ஐயத்தோடு சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது என்பதை வாங்குபவர் உள்ளூர அறிந்திருக்கிறார் என்பதற்கு அது சான்றாகலாம்.

மூன்றாவது அளவையாகிய உரை, அதாவது நம்பத்தக்கவர் சொல், இந்தச் சந்தையில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றின் வடிவில் வருகிறது. 13ஆம் நூற்றாண்டினராகிய அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பல்வேறு மதத்தினர் கூறும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். அவற்றுள் உரை வலிமை பெறுவது, சொல்பவர் அப்பொருளை உள்ளவாறு அறிந்தவராக இருப்பதால். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்கப்படவேண்டும் என்பது விதி. அச்சான்று பிரேக், விளக்கு, டயர் போன்றவை அன்று இருந்த நிலைக்கு உரை ஆகலாம். குழாயின் உட்சுவரைக் காணாத ஒருவர் அதைப் பற்றி உரை கூற இயலாது. இன்னும் ஒரு முரணும் உண்டு: எஃப்.சி.க்கு முன் டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் பார்ப்பது தொழிலின் வழக்கமாதலால், வண்டி தகுதியுடையது என்று அரசு கூறும் நாளே அதன் அடிச்சட்டம் மிக நன்றாக மூடப்பட்டிருக்கும் நாளுமாகும்.

மறைப்பின் வகைகளைப் பற்றி 14ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவம் திருவருட்பயனில் கூறும் வேறுபாடு இங்கே எதிர்பாராத துணையாக வருகிறது. உயிரைப் பற்றியுள்ள ஆணவ மலத்தை, அதாவது உயிரின் அறிவை மறைக்கும் மூல அழுக்கை, அவர் இருளோடு ஒப்பிட்டு, ஒப்புமை தவறும் இடத்தையும் சுட்டுகிறார்: இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டுகிறது, ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது. வண்டியின் அடிப்பகுதி இருட்டாக இருப்பது முதல் வகை மறைப்பு; இருட்டென்று தெரிவதாலேயே வாங்குபவர் டார்ச் விளக்கைக் கேட்கிறார். துருவின்மேல் பட்டி பூசித் தேய்த்து, ரெட் ஆக்சைடும் கறுப்பு பெயின்ட்டும் அடிப்பது இரண்டாம் வகை. அது துருவை மறைப்பதோடு, அங்கே ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்கிறது. பளிச்சென்று ஒளியில் நிற்கும் சட்டம், காணத்தக்கதைக் கண்டுவிட்டதாக வாங்குபவரை நம்பச்செய்கிறது.

நாட்டின் சட்டமும் இந்த வேறுபாட்டை வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கியிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுக்கும்போது, ஓர் உண்மையை அறிந்தவர் அதை முனைந்து மறைப்பதை மோசடியென்று கூறி, வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியன்று என விலக்குகிறது. அதை விளக்கவந்த எடுத்துக்காட்டு ஒரு குதிரை. நோயுள்ளதென்று தனக்குத் தெரிந்த குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்று, நோயைப் பற்றி வாய் திறக்கவில்லையென்றால் அது மோசடியாகாது. வாங்குபவர் விற்பவருடைய, அப்போதுதான் வயது நிரம்பிய மகளாக இருந்தால் சொல்லவேண்டிய கடமை உண்டு. ‘நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமென்று கொள்வேன்’ என்று வாங்குபவர் கூறியபின் விற்பவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 19ஆம் பிரிவோ, மௌனத்தால் நேர்ந்த மோசடியிலும், சாதாரண முயற்சியால் உண்மையைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலும் இதே அளவுகோல் உண்டு: வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பாவதில்லை. ‘வெளிப்பட்டிருக்க வேண்டிய’ என்னும் தொடரில் தருமகீர்த்தியின் அடைமொழி சட்ட உடையில் நிற்கிறது. வெளிப்பட வழியில்லாத குறையைப் பற்றி, பார்த்தேன் என்பது எவ்வுரிமையையும் குறைப்பதில்லை.

ஆனால் நீதிமன்றம் மன்னிக்கும் மௌனத்தை அறம் மன்னிக்குமா என்பது வேறு வினா. கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய ரோமானியராகிய சிசரோ, குறையுள்ள வீட்டை விற்பவர் குறையைச் சொல்லவேண்டுமா என்பதில் இரண்டு ஸ்டோயிக் ஆசிரியர்களை எதிரெதிரே நிறுத்தினார். பாபிலோனின் டயோஜெனிஸ் மறைப்பது வேறு, பேசாதிருப்பது வேறு என்று வாதிட, ஆன்டிபேட்டர் வாங்குபவரின் நலனுக்குரியதைச் சொல்லியே தீரவேண்டும் என்றார். சிசரோ ஆன்டிபேட்டரின் பக்கம் சாய்ந்தார். திருக்குறள் இவ்விவாதத்தை வேறொரு வாயிலால் அணுகுகிறது. வணிகரின் கடமையைக் கூறும் குறள் வாய்மை அதிகாரத்தில் இல்லை. நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுதலே வணிகம் என்று சொல்லி நிற்கிறது. அதை வாய்மையில் வைத்திருந்தால் விற்பவர் பொய் சொன்னாரா என்பது மட்டுமே கேள்வியாகியிருக்கும். நடுவு நிலைமையில் வைத்தமையால், வாங்குபவர் நிற்கும் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தாரா என்பது கேள்வியாகிறது. பேசாதவர் பொய்யர் அல்லர் என்னும் தப்பும் வழி இங்கே அடைபடுகிறது. வள்ளுவரின் வைப்புமுறை சிசரோவின் வாதத்தைவிடக் கூரியது என்று சொல்வதில் தவறில்லை.

தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிடையே பரவலாக உள்ள ஷாஃபி சட்ட மரபு மிக நுட்பமான ஒரு கோட்டைப் போட்டிருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தில் பொருளின் குறை பின்னர் வெளிப்பட்டால் அதைத் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு. ‘எந்தக் குறைக்கும் நான் பொறுப்பில்லை’ என்று விற்பவர் முன்கூட்டியே நிபந்தனை போட்டால் என்னவாகும் என்பதற்கு, 820இல் மறைந்த இமாம் ஷாஃபியின் மரபு கூறும் விடை, அந்த நிபந்தனை உயிருள்ள விலங்கின், விற்பவர் தாமே அறியாத, உள்மறைந்த குறைக்கு மட்டுமே செல்லும் என்பது. உண்டும் உறங்கியும் நலத்துக்கும் நோய்க்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும் விலங்கு, மறைந்த குறை எதுவும் இல்லாமல் இருப்பது அரிது என்பது காரணம். இதன்படி, குதிரையை விற்பவர் அறியாத நோய்க்குப் பொறுப்பிலிருந்து விலகலாம். குதிரையின் டிரெய்லரை விற்பவர் ‘உள்ளது உள்ளபடி’ என்று சொல்லி அடிச்சட்டத்தின் துருவுக்குரிய பொறுப்பிலிருந்து விலக முடியாது. இரும்பும் விலங்கைப்போலவே காற்றை உண்டு மாறுகிறது என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். அதன் வலு குறைவு. விலங்கின் உடலைத் திறந்து பார்க்கச் சந்தையில் வழியில்லை, தளப்பலகையைக் கழற்ற ஸ்பேனர் போதும்.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், மௌனத்தின் குற்றம் துருவின் இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பது புலப்படும். முறையாகப் பார்ப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்திலுள்ள துருவைப் பற்றி விற்பவர் பேசாதிருப்பது, சிசரோவுக்கு உவப்பாக இராவிட்டாலும், வாங்குபவரின் அறிவைப் பறிப்பதில்லை. எட்டாத இடத்திலுள்ள துருவை விற்பவர் அறிந்திருந்தால், அவருடைய சொல் ஒன்றே வாங்குபவருக்கு எஞ்சியிருக்கும் அளவை; அதை அடக்கிக்கொள்வது மூன்றாவது கதவையும் சாத்துவதாகும். பூசி மறைப்பவரோ எட்டும் இடத்தையே எட்டாத இடமாக்குகிறார்.

எனினும் கும்மிடிப்பூண்டிச் சந்தை இந்த வகைப்பாட்டுக்குள் முழுவதும் அடங்குவதில்லை. நான்கு கை மாறிய டிரெய்லரில் ஒவ்வோர் உரிமையாளரும் எஃப்.சி.க்காக ஒருமுறை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பர். அவர்களுள் எவரும் எவரையும் ஏமாற்ற எண்ணியிராமல், வழக்கப்படி செய்ததே அடுத்தவருக்கு மறைப்பாகியிருக்கலாம். கடைசியாக விற்பவருக்குத் துரு இருப்பதே தெரியாது. ஏமாற்றும் நோக்கத்தைத் தேடும் 17ஆம் பிரிவுக்கு இங்கே பிடி கிடைப்பதில்லை. மறைப்பவர் இல்லாத மறைப்பை நடுவு நிலைமையும் தண்டிக்க இயலாது. நோக்கத்தைப் பொருட்படுத்தாமல் காணத்தக்கதா, கண்டீரா என்று மட்டும் கேட்கும் தருமகீர்த்தியின் வினா ஒன்றே இங்கே செல்லும். அதற்கு விடை கூற, குறுக்குச் சட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் பெயின்ட்டைச் சுரண்டவும் ஒரு பலகையைக் கழற்றவும் அனுமதி வேண்டும். விற்பவர் அனுமதி மறுத்தால் துரு உண்டென்று முடிவு கட்டுவது அறவண அடிகளின் கணக்கில் பிழையாத கருதல் அன்று. புதிய பெயின்ட் கெடும் என்னும் கவலையும் மறுப்புக்குக் காரணமாகலாம். அப்போது வாங்குபவரிடம் இருப்பது ஐயம் மட்டுமே. அதற்குரிய விலை, ஓடும் வண்டியின் விலைக்கும் காயலான் விலைக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.